ஜோசப் பள்ளியின் கதையை ஊர்ப் பிள்ளைகளிடமும் கேட்டு எழுதுங்கள்

திருச்சி புனித வளனார் (செயின்ட் ஜோசப்) கல்லூரி மேல்நிலைப்பள்ளியை நடத்திவரும் இயேசு சபைத் தந்தையர்களுக்கு, பள்ளியின் தாளாளருக்கு, தலைமையாசிரியருக்கு, கூடவே எந்த ஊரில் இருந்தாலும் 'நான் ஜோசப்ல படிச்சவன்' என்று இன்றும் நிமிர்ந்து சொல்கிற முன்னாள் மாணவர்களுக்கு,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியின் தொடக்கம் 1844, ஆக 2044-ல் இருநூறாவது ஆண்டு. இன்னும் இருபது வருஷம்கூட இல்லை. அப்போது பந்தல் போடுவோம், மலர் வெளியிடுவோம், பெரிய மனிதர்களைக் கூப்பிடுவோம், எல்லாம் நல்லபடியாக நடக்கும். அதற்கு முன்னால் முடிந்தாக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த மடல். இந்தப் பள்ளியின் வரலாற்றைத் தமிழில் எழுதுங்கள், அங்கே படித்த சாதாரணப் பிள்ளைகளையும் கேட்டு எழுதுங்கள், அதற்கு வேண்டிய பழைய பதிவுகளைத் திறந்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாத வேலை இது. 1950களில் ஆறாம் பாரம், அதாவது அன்றைய பள்ளி இறுதி வகுப்பு, முடித்து வெளியே வந்தவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. லால்குடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் எதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

வெளியூர்க்காரர்களிடம் ஜோசப் என்றாலே உடனே அப்துல் கலாம் என்பார்கள், சுஜாதா என்பார்கள். பெருமைதான், யார் இல்லை என்றது. ஆனால் இருவரும் படித்தது புனித வளனார் கல்லூரியில். கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு 1950-ல் இன்டர்மீடியட்டுக்குத் திருச்சி வந்தவர். சுஜாதா ஸ்ரீரங்கத்துப் பள்ளிப் பிள்ளை. புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் பயன்படுத்தும் வரைபடத்தைத் தந்த ஜி.என். ராமச்சந்திரனும் கல்லூரி மாணவர்தான். பள்ளியும் கல்லூரியும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஒரே சபை நடத்துகிறது, அதெல்லாம் உண்மை. இருந்தாலும் கல்லூரியின் பெயர்ப்பட்டியலைப் பள்ளி இரவல் வாங்கத் தேவையில்லை. கும்பகோணத்துக்காரர்கள் டவுன் ஹைஸ்கூலைப் பற்றிப் பேசினால் ராமானுஜனோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதே பழக்கம் நமக்கும் வந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. பெயர் தெரிந்தவர்கள் ஒரு கைப்பிடிதான் இருப்பார்கள். பெயர் தெரியாமல் படித்து, வாத்தியாராகவோ ரயில்வே கிளார்க்காகவோ போனவர்கள், இல்லை பாதியில் படிப்பை விட்டுவிட்டு வயலுக்கே திரும்பியவர்கள், அவர்கள்தான் இந்தப் பள்ளி.

கதை திருச்சியில் தொடங்கவில்லை என்பதையே நம்மில் பல பேர் மறந்துவிட்டோம். 1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்தார். 1814-ல்தான் சபைக்குத் திரும்ப உயிர் வந்தது. 1830களின் கடைசியில் பிரெஞ்சுக் குருக்கள், கலைப்புக்கு முன்னால் சபை நடத்திவந்த பழைய மதுரை மிஷனைத் தேடிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களில் பல இளைஞர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் சில வருஷங்களிலேயே மாண்டுபோனார்கள். தங்களுக்கே இன்னும் கால் ஊன்றாத அந்த நிலைமையில், 1844-ல், நாகப்பட்டினத்தில் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அது 1883-ல் திருச்சிக்கு வந்தது. அதற்குள் 1860களின் தொடக்கத்திலேயே நாகையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்துவிட்டிருந்தது. கடற்கரையில் இருந்த செல்வாக்கெல்லாம் அந்த ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த காலம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பிற்பாடு 1920களின் கடைசியில் ரயில்வே பணிமனையும் நாகையை விட்டுத் திருச்சியின் பொன்மலைக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதிலெல்லாம் ஒரு வருத்தம் உண்டு, அது நியாயமான வருத்தம். நம் ஆட்கள் சொல்கிற கதையில் நாகையில் இருந்த அந்த 39 வருஷங்கள் ஒரே வரியில் தாண்டிப்போய்விடுகின்றன. எந்தத் தெருவில் நடந்தது, துறைமுகத்து வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்களா, திருச்சிக்கு மாற்றியபோது கூடவே வந்த மாணவர்கள் யார், வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டவர்கள் யார். முதல் அத்தியாயத்தை நாகையில் வைத்து எழுதுங்கள், அந்த ஊருக்கு நாம் அவ்வளவாவது செய்ய வேண்டும்.

சரி, எதிலிருந்து எழுதுவது? என் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மதிப்பெண் பட்டியல் ஒற்றைத் தாளாக வராது, சின்னப் புத்தகமாகவே கொடுப்பார்கள். அதில் அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது கைச் சுட்டுவிரலில் வெட்டுத் தழும்பு என்று ஆங்கிலத்தில் சாய்வான எழுத்தில் யாரோ ஒரு குமாஸ்தா எழுதியிருக்கிறார், நீல மை பழுப்பேறிப்போய்விட்டது. அந்தத் தழும்பு கருக்கரிவாள் பட்டது. அறுப்பு நேரத்தில் பள்ளிக்குப் போகாமல் வயலில் நின்ற பையன் அவர். பிறந்த தேதி ஜூன் மாதத்தில் இருக்கிறது, ஆனால் எங்கள் அப்பாயி சொன்ன கணக்குப்படி அவர் பிறந்தது தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது. ஊர் ஆரம்பப் பள்ளி வாத்தியார் சேர்க்கும்போது குத்துமதிப்பாகப் போட்ட தேதி அது, ஜோசப்புக்கும் அதுவே போய்விட்டது, பென்ஷன் வரைக்கும் அதுதான் நின்றது. ஒரு குமாஸ்தாவின் ஒரே ஒரு வரியில் டெல்டாவின் ஒரு வீட்டுக் கதையே இருக்கிறது. இப்படி எத்தனை வரிகள் உங்கள் பள்ளி அலுவலகத்தின் சேர்க்கை நீக்கப் பதிவேடுகளில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து அடுக்கினாலே திருச்சியின் வரலாறு வந்துவிடும். உறையூரில் சுருட்டு, தறி, பொன்மலைப் பணிமனை வந்தபிறகு ஃபிட்டர், டர்னர், பெரியகடை வீதி நகைக்கடை, அப்புறம் செயற்கை வைரம் பட்டை தீட்டுகிறவர்கள், திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தபிறகு அங்கே வேலைபார்த்தவர்கள், இவர்களோடு வருஷா வருஷம் விடாமல் 'விவசாயம்' என்று ஒரு சொல். அந்த விவசாயத்துக்குள் மிராசுதாரும் இருப்பார், குத்தகைக்காரரும் இருப்பார். பண்ணையாள் இருந்தாரா, எப்போதிலிருந்து இருந்தார், அதைத்தான் பார்க்க வேண்டும். விலகிய காரணம் என்ற கட்டத்தையும் பாருங்கள். எந்தெந்த வருஷத்தில் நிறையப் பிள்ளைகள் நடுவில் நின்றார்கள் என்று பார்த்து, அதே வருஷத்தில் ஆற்றில் தண்ணீர் எப்படி வந்தது என்பதோடு வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பள்ளிக் கட்டணம் அறுவடையைப் பார்த்துத்தான் கட்டினார்கள். என் அப்பாவுக்கு ஒரு வருஷம் கட்ட முடியாமல் போனபோது, ஒரு ஃபாதர் கூப்பிட்டு, நெல் வித்த பிறகு கட்டினால் போதும், பையனை நிறுத்தாதீங்க என்று தாத்தாவிடம் சொன்னாராம். அந்த ஃபாதரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. உங்கள் பதிவுகளில் இருக்கும்.

இன்னொரு பொக்கிஷமும் உங்களிடம் உண்டு. இயேசு சபை இல்லங்களில் அன்றன்று நடப்பதைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு வழக்கம் பல காலமாக இருக்கிறது. அதில் 1924 ஜூலை மாதப் பக்கங்களை யாராவது படித்துச் சொல்லுங்கள். காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்து பெருகி வந்த அந்த வெள்ளத்தை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் ஆண்டுக் கணக்குக்கு அடையாளமாகவே வைத்திருந்தார்கள், 'வெள்ளத்துக்கு மறு வருஷம் பிறந்தவன்' என்று. அப்போது பள்ளி எத்தனை நாள் பூட்டிக்கிடந்தது, விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது, வெள்ளத்தில் வீடு போனவர்கள் வளாகத்துக்குள் வந்து தங்கினார்களா? அதேபோல 1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் உப்பு சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கிய நாள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டா முழுக்க நடந்தார்கள், அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும் மக்கள் ஒளித்துவைத்துப் போட்டார்கள். அந்த ஊர்களில் ஜோசப் பையன்களின் வீடுகள் இருந்திருக்கும். வெள்ளைக்காரக் குருக்கள் நடத்திய பள்ளியில் அந்த வாரம் என்ன பேசிக்கொண்டார்கள்? பையன்கள் கதர் போட்டு வந்தால் உள்ளே விட்டார்களா? 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்களே, அப்போது மெயின்கார்டு கேட் பக்கம் என்ன நடந்தது? 1977 நவம்பரில் திருச்சிக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோது? இதற்கெல்லாம் பதில் தெரிந்த சிலர் இன்னும் இருக்கிறார்கள், சிலவற்றுக்கு உங்கள் நாட்குறிப்பு மட்டும்தான் இருக்கும்.

கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் உங்கள் சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே இருக்கும் பழைய கடிதங்கள், அறிக்கைகள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் இருப்பவை. ஆராய்ச்சிக்காரர்கள் போய்ப் பார்க்கிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில் வருகிறது. லால்குடியிலும் திருவையாற்றிலும் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவனுக்கு அது எந்த ஜென்மத்தில் கைக்கு எட்டும்? தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகத்தை 1578-ல் கொல்லத்தில் அச்சிட்டது உங்கள் சபையைச் சேர்ந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். கொள்ளிடத்தின் வடகரையில், எங்கள் பக்கம் இருக்கும் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதி செய்து தமிழுக்கு அகராதியின் உருவத்தையே மாற்றினார். அந்தச் சபை நடத்துகிற பள்ளியின் கதை தமிழில் முழுதாகக் கிடைக்க வேண்டாமா, சொல்லுங்கள்.

எழுதும்போது ஒரு விஷயத்தை மூடி மறைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படிப்பை முதலில் எட்டிப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பிராமண, வேளாளக் குடும்பத்துப் பிள்ளைகள். டெல்டாவில் நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே படிப்பும் இருந்தது. சேரியிலிருந்து முதல் பிள்ளை இந்தப் பள்ளிக்குள் எந்த வருஷம் வந்தான், அவனுக்கு விடுதியில் எந்தப் பந்தியில் இடம் கிடைத்தது, அவன் ஆறாம் பாரம் வரை தாக்குப்பிடித்தானா என்பதெல்லாம் தேடி எழுதப்பட வேண்டியவை. இப்படிக் கேட்பதால் பள்ளிக்கு இழுக்கு வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் சபையின் உலகத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் முன்னால் நின்று, நீதிக்காக உங்களை நாங்கள் பயிற்றுவித்தோமா என்று கேட்டு, உண்மையைச் சொன்னால் இல்லை என்று தானே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் இனி நம் வேலை என்றார். 1974-75ல் கூடிய உங்கள் 32ஆவது பொதுப்பேரவை நீதிக்கான உழைப்பைச் சபையின் பணியோடு சேர்த்தே வைத்தது. தலைவரே அப்படி வாய்விட்டுச் சொன்ன சபைக்கு, திருச்சியில் ஒரு பள்ளியின் பழைய பக்கங்களைத் திறந்து காட்டுவதில் தயக்கம் இருக்காது என்று நம்புகிறேன். 1975-க்கு முன்னும் பின்னும் இந்தப் பள்ளியில் சேர்ந்தவர்கள் யார் என்று ஒப்பிட்டு எழுதினாலே அது ஒரு தனி நூலுக்குச் சமம்.

நான் எண்பதுகளில் படித்தவன். மேல்நிலை வகுப்புகள் 1978-ல் பள்ளிகளுக்கு வந்தபிறகு, கூட்டம் நிறைந்து வழிந்த காலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கும், கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் சட்டென்று வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். லூர்து மாதா கோயில் கோபுரம் ஒரு பக்கம், அண்ணாந்தால் உச்சிப்பிள்ளையார் இன்னொரு பக்கம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு, அதே நேரத்தில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் வருவோம், வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் பையன்கள் தொழுகைக்குப் போய்விட்டு வருவார்கள், யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. என் பெஞ்சில் உறையூர்த் தறிக்காரர் மகன் ஒருவன், நகைக்கடைக்காரர் மகன் ஒருவன், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவன். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் கை மாறி மாறித்தான் போகும்.

ரீஜென்சிக்கு வரும் பிரதர்களைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். குருப்பட்டத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு வருஷம் பள்ளியில் பாடம் நடத்த வருகிற இளைஞர்கள், எங்களுக்கு அண்ணன் வயசுதான் இருக்கும். சாயங்காலம் அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு ஃபுட்பால் ஆடுவார்கள். தோற்றால் நிஜமாகவே முகம் வாடிவிடும் அவர்களுக்கு. பாடத்தில் பின்தங்கிய பையனை ஆட்டம் முடிந்ததும் படிக்கட்டில் உட்காரவைத்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அல்ஜீப்ரா ஏறியது அப்படித்தான். இந்தப் பள்ளியின் குணம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன், கட்டடத்தையோ ரிசல்ட்டையோ சொல்லமாட்டேன். நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் ஆள் அந்த வளாகத்தில் எப்போதும் இருந்தார். மணி அடிக்கிற அண்ணன், விடுதிச் சமையல்காரர், ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர், டிரில் மாஸ்டர், தமிழய்யா, இவர்களெல்லாம் அந்தப் புத்தகத்தில் பெயரோடு வர வேண்டும்.

முடியாத வேலை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதே வளாகத்தில், கல்லூரியில், தந்தை கே.எம். மாத்யூ 1967-ல் ராபினாட் தாவரவியல் காப்பகத்தைத் தொடங்கினார். காடு மேடெல்லாம் அலைந்து, ஒவ்வொரு செடியாகப் பறித்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எந்த இடத்தில் எந்தத் தேதியில் யார் எடுத்தது என்று குறித்து, கடைசியில் தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றி உலகம் மதிக்கிற பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். வயல் வரப்பில் நாம் மிதித்துக்கொண்டு போகிற களைச்செடிக்குக்கூட அங்கே ஒரு தாள் உண்டு, ஒரு பெயர் உண்டு. படித்துப்போன பிள்ளைகளுக்கும் அந்தக் கவனம் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எப்படித் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேடுகளை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள், கரையான் நமக்காகக் காத்திருக்காது. சாதி, குடும்ப விவரம் எல்லாம் இருப்பதால் எல்லாவற்றையும் பொதுவில் வைக்க முடியாது, அது புரிகிறது. நூறு வருஷத்துக்கு முந்தியதைத் திறந்துவிடலாம், மற்றதைப் பெயர் நீக்கிக் கணக்காக மட்டும் தரலாம். நாட்குறிப்புகளையும் செண்பகனூர்க் கடிதங்களையும் மொழிபெயர்க்கப் பிரெஞ்சு தெரிந்தவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள், அதற்கான செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்கலாம், அதற்குக்கூடவா காசு சேராது. பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்யும் வேலையைப் பள்ளியின் இன்றைய பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கையில் செல்போன் இருக்கிறது, அவரவர் ஊரில் யாராவது ஒரு பழைய மாணவர் இருப்பார், கோடை விடுமுறையில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். நாகை, திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர், லால்குடி, முசிறி, குளித்தலை என்று ஆற்றோரமாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

லால்குடி வட்டாரத்துக்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். பூவாளூர், அன்பில், திருமழபாடி வரைக்கும் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறது என்று ஒரு பட்டியல் கைவசம் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. ஜூன் மாதச் சேர்க்கை நெருக்கடி வந்துவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பது தெரியும், அதனால் ஏப்ரல் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை எங்களில் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். பதிவேடுகள் எந்த நிலையில் இருக்கின்றன, எது எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்ற கணக்கை மட்டும் அன்றைக்கு எங்களுக்குக் காட்டினால் போதும், மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
லால்குடியிலிருந்து ஒரு முன்னாள் மாணவன்